இளவேனிற் சந்தை

பெரும்பொழுது ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. ஆவணி தொடங்கி இவ்விரு திங்களாக ஆண்டைப் பகுத்து, சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கு உரியன என உரையாசிரியர் வரையறுத்தனர். இவ்வரையறையை எங்கள் மாணாக்கர் தடையின்றி ஒப்புவிப்பர். இளவேனிலின் அடையாளம் யாது என்று வினவினால் தென்றல் என்பர், குயில் என்பர், மாந்தளிர் என்பர். விடை சரியானதே. வினாத்தாளிலே முழுப்புள்ளியும் கிடைக்கும். ஆனால், 'நேற்று உங்கள் வீட்டுக்குச் சந்தையிலிருந்து வந்த பொருள்களுள் இளவேனிலைக் காட்டுவது எது?' என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும்.

அந்த மௌனமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. தொல்காப்பியர் வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே ஆராய்ந்து நூல் செய்தார் என்று அந்நூற் பாயிரம் கூறும். இவ்விரண்டனுள் செய்யுளை நாம் கைவிடவில்லை. பாடத்திட்டத்திலே அது இருக்கின்றது. ஏட்டிலும் அச்சிலும் இருக்கின்றது. வழக்கு எங்கே இருக்கின்றது? அதனைத் தேடிப் போகவேண்டிய இடங்களுள் முதலாவது சந்தை. திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், சாவகச்சேரி, கொடிகாமம் என்று யாழ்ப்பாணத்திலே சந்தைகளுக்குக் குறைவில்லை. பங்குனி பிற்கூற்றிலும் சித்திரை முற்கூற்றிலும் இவற்றுள் ஒன்றிலே அரை மணிநேரம் நின்றவன், பெரும்பொழுதைப் பற்றிய பாடத்தின் ஒரு பகுதியைக் கற்றவனாவான்.

நாளங்காடியும் சித்திரையும்

சந்தையைப் பற்றி எழுதுதல் பண்டிதனுக்குத் தகுமோ என்று ஐயுறுவார்க்கு இளங்கோவடிகளே விடை தருவார். காவிரிப்பூம்பட்டினத்திலே மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே ஒரு சோலை. நெருங்கி நின்ற மரங்களே அங்குத் தூண்கள். அவற்றின் நிழலிலே விற்பாரும் கொள்வாருமாய் ஓசை அடங்காத நாளங்காடி. சித்திரைத் திங்களிலே, நிறைமதி சித்திரை நாண்மீனைச் சேர்ந்த நாளில், அந்நகரம் இந்திரவிழவு எடுத்தது. அந்நாளிலே பலி பெற்றது அந்த அங்காடியைக் காத்து நின்ற பூதம். மூதிற் பெண்டிர் அவித்த பண்டமும் எள்ளுருண்டையும் ஊன்சோறும் பூவும் புகையும் பொங்கலும் ஏந்திச் சென்று பூதத்தின் பீடிகையிலே படைத்தனர். நாட்டின் துன்பம் ஒழியவும் வானம் பொழியவும் வாழ்த்தினர்.

இதனை ஒரு விழாவருணனை என்று மட்டும் கொண்டு கடந்துவிடுகிறோம். சற்று நின்று நோக்கினால் வேறொன்றும் தெரியும். இளவேனிலின் முதல் வழிபாடு, பொருள் கைமாறும் இடத்திலே நிகழ்ந்தது. அங்காடிக்கு ஒரு காவல் வேண்டும், அக்காவலுக்குப் பருவந்தோறும் நன்றி செலுத்த வேண்டும் என்று அந்நகர மாந்தர் கருதினர். பகற்சந்தைக்கு நாளங்காடி என்றும் இரவுச்சந்தைக்கு அல்லங்காடி என்றும் தனித்தனிப் பெயரிட்டு மதுரைக்காஞ்சி பேசுகின்றது. சந்தை இழிந்த பொருளாக நம் புலவர்க்குத் தோன்றியதில்லை.

கடகத்திலே வரும் பருவம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆறு இல்லை. அடிநிலம் சுண்ணக்கல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே பெய்த மழை அக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி, பின்னர்க் கிணற்று வழியாகத் தோட்டத்துக்கு வருகின்றது. முன்னாளிலே துலா மிதித்து இறைத்தனர். பிறகு இயந்திரம் வந்தது. எவ்வாறாயினும், சேமித்த நீரும் செலவிட்ட உழைப்பும் கூடியே எங்கள் இளவேனிலை ஆக்குகின்றன. தை மாசியிலே அரிவு முடிந்து வயல் வெறுந்தாளாய்க் கிடக்கும். வாடை ஓய்ந்துவிடும், சோளகம் இன்னும் எழவில்லை. காற்றுக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட அந்நாள்களிலே தோட்டமும் மரமும் தம் வரவைச் சந்தைக்கு அனுப்புகின்றன.

முதலிற் கண்ணிற் படுவது முருங்கைக்காய். கட்டுக்கட்டாய் அடுக்கியிருப்பர். அதனருகே தாளோடு பிடுங்கிய சின்ன வெங்காயம் பிடிபிடியாய்க் கிடக்கும். பழப்புளி புதிதாய் வந்திருக்கும். பழைய புளியின் கருமை அதற்கு இல்லை. தை மாசியிலே கிண்டிய பனங்கிழங்கை அவித்து, கிழித்து, மாசிப் பங்குனி வெயிலிலே காயவிட்டு எடுத்த புழுக்கொடியல், கடகத்திலே குவிந்திருக்கும். வெடித்துப் பிளந்த வெள்ளரிப்பழத்தை வாழைநாரினாலே கட்டி வைத்திருப்பர். அதன் மணமே விலை கூறும். மாமரங்களிலே கறுத்தக்கொழும்பானும் அம்பலவியும் செம்பாட்டானும் இன்னும் பிஞ்சும் காயுமே. பழுக்க வைகாசி, ஆனி ஆகும். ஆயினும் காற்றுக்கு உதிர்ந்த மாங்காய் ஒரு கூறு பத்துக் காயாக விலைப்படும். அக்காயைக் கருப்பநீரோடு கடித்துண்ட சுவையை அறிந்தவர் இன்றும் நம்மிடையே உளர். புதிய பனங்கட்டி ஓலைக் குட்டானிலே வந்து இறங்குவதும் இக்காலத்திலேதான்.

கத்தரிக்காயைத் தனியே கூறல் வேண்டும். மட்டுவில் முட்டிக்கத்தரிக்குத் தென்மராட்சிக்கு அப்பாலும் பெயருண்டு. அவ்வூர்ப் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலிலே பங்குனித் திங்கட்கிழமைகளில் அடியார் கூடிப் பொங்கலிடுவர். கத்தரிக்காய்க் கறியும் அங்கே அடுப்பேறும். பருவத்தின் விளைவை அப்பருவத்துத் தெய்வத்துக்குப் படைத்தல் புகார் நகரத்தோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் பிறந்ததும் இம்மட்டுவிலே என்பதைத் தமிழ் மாணாக்கர்க்கு நினைவூட்டி அப்பாற் செல்வோம்.

சித்திரைப் புத்தாண்டு நெருங்க, சந்தையின் ஓரங்களிலே வேறொரு வகைச் சரக்குத் தோன்றும். வேப்பம்பூவைச் சுளகிலே பரப்பி வைத்திருப்பர். ஒரு பகுதி வடகத்துக்கு, ஒரு பகுதி மருந்துக்கு. மருத்துநீர் காய்ச்சுவதற்கென வில்வம், துளசி, அறுகு, மாதுளம்பூ, தாமரைப்பூ, விஷ்ணுகிராந்தி முதலியன கிடைக்கும். தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை என்று பஞ்சாங்கம் அவ்வாண்டுக்குக் கூறும். அதனைக் கேட்டு வந்து வாங்குவோரும் உளர். மருத்துநீரைக் கோயிலிலே போத்தலில் வாங்கும் வழக்கம் பெருகிவிட்டது. அதனாற் குறையொன்றும் இல்லை. எனினும் வீட்டிலே காய்ச்சியபோது ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துச் செடியின் பெயர் தெரிந்திருந்தது. போத்தலின் மேல் ஒரு பெயரே எழுதியிருக்கின்றது.

ஓலையும் இலையும்

மரபியலை நான் ஆண்டுதோறும் கற்பிக்கின்றேன். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் பகுத்தார். அப்பகுப்பின்படி பனையும் தென்னையும் புல். மாவும் வேம்பும் மரம். இரண்டுக்கும் உறுப்புப் பெயர் வேறு. புல்லுக்கு ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை. மரத்துக்கு இலை, தளிர், சினை, அரும்பு. காய், பழம், தோல் முதலியன இரண்டுக்கும் பொது. வகுப்பறையிலே இஃது ஓர் அட்டவணை. சந்தையிலோ உயிருள்ள வழக்கு. முருங்கையிலை என்று கேட்கும் அதே வாய், பனையிலை என்று ஒருபோதும் கேளாது. கடகம் பின்னிய ஓலை, விளக்குமாறு கட்டிய ஈர்க்கு, அடுப்புக்கு வந்த பாளை, விறகுக்கு வந்த மட்டை என்று ஒவ்வொன்றுக்கும் உரிய சொல் பிறழாமல் வழங்குகின்றது. மரபியலைப் பாடங் கேளாத பெண்கள் மரபியலின்படி விற்கின்றனர்.

இளமைப் பெயரும் அவ்வாறே. செடிகொடிகளின் இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்பன பொருந்தும் என்றார் தொல்காப்பியர். நெல்லுக்கும் புல்லுக்கும் அவை பொருந்தா என்று விலக்கும் கூறினார். சந்தை வாயிலிலே விற்பவனைக் கேளுங்கள். தென்னம்பிள்ளை என்பான்; மாங்கன்று என்பான்; நெல்லுக்கு நாற்று என்பான். நெற்கன்று என்று எவரும் சொல்லார். வாழைக்கு மட்டும் குட்டி என்பான். தொல்காப்பியர் செடிக்கு உரைத்தவற்றுள் குட்டி இல்லை. விலங்கின் இளமைக்கு உரிய பெயரை வாழைக்கு வழங்கியது பிற்கால வழக்கு.

வாழை எப்பொழுதும் வகுப்பிலே ஒரு வழக்குரைக்கும். ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, வாழைக்கு வெளியிலும் வயிரமில்லை, உள்ளேயும் வயிரமில்லை. அது புல்லா, மரமா?" நல்ல வினா. நூலைப் புரட்டுமுன் சந்தையை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். வாழையிலை என்கிறோம், ஆகவே மரத்தின் பக்கம் ஓரடி. வாழைக்குலை என்கிறோம், ஆகவே புல்லின் பக்கம் ஓரடி. பூவையோ பொத்தி என்று இரண்டுக்கும் அப்பாற்பட்ட பெயரால் ஈழத்தார் அழைக்கின்றோம். இரு வேலிக்கும் நடுவே நிற்கும் செடிக்கு இரு பக்கத்திலிருந்தும் சொல் கொடுத்திருக்கின்றது வழக்கு. அந்த ஒரு வினாவினால் அன்றைய மரபியற் பாடம் அவர்களுக்கு மறவாத பாடமாயிற்று.

பிஞ்சின் பெயர்கள்

இளவேனிலுக்கே உரிய செல்வம் பிஞ்சுப் பெயர்கள். மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னைக்கும் பனைக்கும் குரும்பை. பிஞ்சு என்ற ஒரு சொல்லே போதுமாயிருக்க, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பெயர் வேண்டியது ஏன்? அவற்றை நாள்தோறும் தொட்டும் பார்த்தும் உண்டும் விற்றும் வாழ்ந்தவர்க்கு அவை வெவ்வேறு பொருளாகவே தோன்றின. வேற்றுமை கண்ட கண்ணே வேறு சொல்லைப் படைக்கும்.

'வடு' என்றால் என்ன என்று மேல்வகுப்பிலே கேட்டேன். தழும்பு என்றனர் எல்லாரும். அப்பொருளும் உண்டு, பிழையில்லை. மாம்பிஞ்சு என்று எவரும் கூறவில்லை. மூசும் கச்சலும் அவர்களுக்குப் புதியன. சந்தையிலும் இவற்றை நான் அரிதாகவே கேட்கின்றேன். மாம்பிஞ்சு, பிலாப்பிஞ்சு என்பனவே வழங்குகின்றன. இவை வழக்கிலிருந்து நழுவி நூலிலே தங்கிவிட்ட சொற்கள்.

இதற்கு மறுதலையாகவும் உண்டு. சுன்னாகச் சந்தையிலே கீரை விற்கும் மூதாட்டி ஒருவரின் பெட்டிக்குள் இளங்காய் சில கிடந்தன.

"ஆச்சி, உது என்ன விலைக்கோ?" என்றேன்.

"உது குரும்பட்டியெல்லோ வாத்தியார். ஆர் உதை விலைக்கு வாங்கிறது? பேரன் தேர் கட்டக் கேட்டவன், பொறுக்கிக்கொண்டு வந்தனான்."

புலவர் குரும்பை என்றதை ஆச்சி குரும்பட்டி என்றார். ஈர்க்கிலே குரும்பட்டி கோத்துச் சிறுவர் தேர் கட்டும் நாட்டிலே அச்சொல்லுக்கு இன்னும் சில காலம் ஆயுள் உண்டு. விளையாட்டு நின்றால் சொல்லும் நிற்கும்.

காய்க்கும் பழத்துக்கும் இடைப்பட்ட நிலையைச் செங்காய் என்பர் சந்தையார். எத்துணை அழகிய சொல்! பனையின் செல்வம் இன்னும் பெரிது. பாளை, குரும்பை, நுங்கு, நுங்கு முற்றினாற் சீக்காய், பின் பழம், பழத்தின் கொட்டை, கொட்டை முளைக்க அகத்தே பூரான், மண்ணுள் இறங்கிய கிழங்கு, கிழங்கு உலர்ந்தால் ஒடியல், கிழங்கை ஈந்துவிட்டு வெறுங்கூடாய் எஞ்சும் ஊமல். ஒரு விதை தன் வாழ்நாளிலே பத்துப் பெயர் பெறுகின்றது. சித்திரை வைகாசி நுங்கு தொடங்கி, ஆடி ஆவணிப் பழமும் மார்கழி தைக் கிழங்கும் வரை, பனை ஒன்றே சந்தைக்கு நாட்காட்டியாய் நிற்கின்றது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பனைக்கெனத் தாலவிலாசம் பாடியதும், கத்தரித் தோட்டத்து வெருளியைக் குழந்தைப் பாட்டுக்குப் பொருளாக்கியதும் இச்செல்வத்தை அறிந்தமையாலேயே.

மானிப்பாயிலே 1842ஆம் ஆண்டு அச்சேறிய யாழ்ப்பாண அகராதி 58,000 சொற்களுக்கு மேற்பட்டது. அகராதி செய்த மண் இது. இன்றைக்கு ஒரு புதிய அகராதி செய்யப் புகுவோன் நூலகத்தோடு நின்றால், பொத்தியும் செங்காயும் குட்டானும் அவனுக்கு அகப்படா. சந்தையோடு நின்றால் வடுவும் மூசும் கச்சலும் அகப்படா. இரண்டும் கூடினாலன்றிச் சொல் முழுமை பெறாது.

பருவம் இழந்த பலகை

இனி ஒரு கவலையைக் கூறல் வேண்டும். சந்தைப் பலகையிலே பருவம் மறைந்து வருகின்றது.

1990இன் பின் தரைவழி அடைபட்டிருந்த காலத்திலே குடாநாடு பெரும்பாலும் தன் மண்ணின் காய்கறியையே உண்டது. பருவத்தை விட்டால் வேறு கதியில்லை. அக்காலம் மீளவேண்டுமென எவரும் விரும்பார், நானும் விரும்பேன். கண்டி வீதி 2002இலே திறந்தது, 2006இலே மூடப்பட்டது, 2009இலே மறுபடியும் திறந்தது. தம்புள்ளையிலே 1999இல் நிறுவப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து பாரவூர்திகள் இரவோடிரவாக வந்து விடியுமுன் இறக்குகின்றன. கரட்டும் கோவாவும் லீக்சும் ஆண்டு முழுவதும் ஒரே அடுக்காய் இருக்கின்றன. வீட்டுக்கு வசதிதான். ஆனால் எந்நாளும் கிடைக்கும் பொருளுக்குப் பிஞ்சும் இல்லை, செங்காயும் இல்லை. காய் ஒன்றே உண்டு. நிலைகள் மறைந்தால் நிலைப்பெயர்களும் மறையும்.

போரின் இழப்பையும் மறத்தல் இயலாது. காவலரண்களுக்கெனத் தறிக்கப்பட்ட பனைகள் எத்தனையோ. வலிகாமம் வடக்கின் செம்பாட்டு நிலங்கள் 1990 தொடங்கி நெடுங்காலம் உழவருக்கு எட்டாமற் கிடந்து, பகுதி பகுதியாகவே திரும்பின. அந்நிலத்தை அறியாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. கிணற்றையும் துலாவையும் பாத்தியையும் காணாத பிள்ளைக்கு அவற்றின் சொற்களை எந்த நூலால் ஊட்டுவது?

உழவன் பெறும் விலையும் இதனோடு சேர்ந்ததே. கொண்டுவந்த விளைவின் எடையிலே நூற்றுக்குப் பத்தைக் கழிவு என்று தள்ளி எஞ்சியதற்கே பணம் கொடுக்கும் வழக்கம் யாழ்ப்பாணச் சந்தைகளிலே நெடுங்காலம் இருந்தது. அதனை ஒழிக்கவேண்டுமென உழவர் பலகால் முறையிட்டனர். வாங்குவதிலும் விற்பதிலும் நடுவுநிலை பிறழாத வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. அதனை நயம் பாராட்டிக் கற்பிக்கும் நாம், பத்திலொன்று இழந்து வீடு திரும்பும் உழவனைப் பற்றி வகுப்பிலே ஒரு சொல்லும் கூறுவதில்லை. தோட்டம் கட்டுபடியாகாவிடின் உழவன் மகன் தோட்டத்தை விடுவான். அவனோடு அவன் தாயின் சொற்களும் தோட்டத்தை விடும்.

நாம் செய்யத்தக்கது

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெரும்பொழுதைக் கற்பிக்கும் கிழமையிலே மாணாக்கரைச் சந்தைக்கு அனுப்புங்கள். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டா. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். கண்ட பொருள், விற்பவர் சொன்ன பெயர், அளவுச்சொல், எந்த ஊரிலிருந்து வந்தது என்னும் நான்கையும் எழுதட்டும். பிடி, கட்டு, கூறு, சீப்பு, குலை என்று அளவுச்சொற்கள் மட்டுமே ஒரு பக்கம் நிறைக்கும். அடுத்த வகுப்பிலே அகராதியைத் திறந்து ஒப்பு நோக்கட்டும். எச்சொல் இரண்டிடத்தும் உண்டு, எச்சொல் நூலில் மட்டும் உண்டு, எச்சொல் சந்தையில் மட்டும் உண்டு என்று மூன்று பட்டியல் எழும். மூன்றாவது பட்டியலை மாணாக்கர் தொகுத்து வைத்தால், அச்சிறு கொப்பி பிற்காலத்து அகராதிக்காரனுக்கு ஓலைச்சுவடி போலாகும்.

நான்கு ஆண்டுகளாக நான் இதனைச் செய்து வருகின்றேன். தென்மராட்சியிலிருந்து வரும் பிள்ளைகள் மாவுக்கும் பலாவுக்கும், தீவுப்பகுதியிலிருந்து வருவோர் பனைக்கும் எனக்குத் தெரியாத சொற்களைக் கொண்டுவந்து தருகின்றனர். பேசத் தயங்கிய மாணவன் தன் தாயின் சொல்லைக் கரும்பலகையிலே எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்து நிற்பதைக் கண்டிருக்கின்றேன். கல்வியின் பயன்களுள் அதனையும் ஒன்றாக எண்ணுகின்றேன்.

பொறுத்திருந்து செய்யும் வேலையும் அன்று இது. குரும்பட்டி என்ற ஆச்சிக்கு எண்பதுக்கு மேல் வயது. அவரைப் போன்றவர்கள் ஆண்டுதோறும் குறைகின்றனர். வடுவின் பொருளை அகராதியிலே எக்காலத்தும் காணலாம். அந்தப் பொருளோ, பங்குனி சித்திரையிலே, விடிந்து இரண்டு நாழிகைக்குள், சந்தையிலே கூறு கட்டிக் கிடக்கின்றது. வெயில் ஏறினாற் கிடையாது.